முன் ஃபோர்க்கை வீட்டிலேயே மாற்றலாமா? - சிவகாசிப் பக்கத்துப் பையன்களும் தங்கநிறக் குழாய்களும்

சிவகாசியிலோ திருத்தங்கலிலோ காலை நேரத்தில் சாலையோர டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்று வண்டிகளைப் பார்த்தால் போதும். பட்டாசு ஆலைகளுக்கும் தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கும் அச்சகங்களுக்கும் ஆட்கள் கிளம்புகிற நேரம். பெண்கள் பெரும்பாலும் கம்பெனி வேனிலும் பஸ்ஸிலும் போய்விடுவார்கள். ஆண்கள் இரண்டு சக்கரத்தில். எக்ஸ்எல், ஸ்ப்ளெண்டர், அப்பா காலத்து ஆர்எக்ஸ் 100, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புல்லட், இப்போது டியூக், எம்டி வகையறாக்களும். அந்த வண்டிகளின் முன் சக்கரத்துக்கு மேலே இருக்கிற இரண்டு குழாய்களைக் கவனித்தால், நிறைய வண்டிகளில் கறுப்பாக ஒரு எண்ணெய்ப் படலம், அதன்மேல் அப்பிய புழுதி. ஆயில் சீல் போய் மாதக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருக்கிற ஃபோர்க்குகள்.

இதே ஊரில் இன்னொரு காட்சியும் உண்டு. கல்லூரிப் பையன்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் "அண்ணாச்சி, தங்கக் கலர்ல தலைகீழ் ஃபோர்க் செட் கிடைக்குமா?" என்று விசாரிக்கிறார்கள். இங்கே கிடைக்காவிட்டால் மதுரை. அங்கேயும் இல்லாவிட்டால் சென்னை புதுப்பேட்டை. விபத்தில் போன டியூக்கோ டாமினாரோ பிரித்துப் போட்டிருப்பார்கள், அதிலிருந்து முன்பக்கம் முழுசாக வாங்கிவந்து 150 சிசி வண்டியில் ஏற்றிவிடலாம் என்று கணக்கு. வேலையையும் வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம், நண்பர்கள் நாலு பேர் இருக்கிறார்கள், யூட்யூப் இருக்கிறது.

ஒரு கூட்டம் இருக்கிற ஃபோர்க்கைத் திரும்பியே பார்ப்பதில்லை. இன்னொரு கூட்டம் இருக்கிற ஃபோர்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வைக்கப் பார்க்கிறது. இரண்டுமே தப்பு. ஆனால் வீட்டில் வைத்து வேலை பார்ப்பது தப்பில்லை. இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் பிரச்சினை.

சரி, முதலில் இந்தக் குழாய்க்குள் என்னதான் இருக்கிறது?

பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒரு உள்குழாய், ஒரு வெளிக்குழாய், நடுவில் நீளமான ஸ்பிரிங், கொஞ்சம் எண்ணெய், எண்ணெய் போய்வர ஓட்டை போட்ட ஒரு தண்டு. இந்த எண்ணெய்க் கட்டுப்பாட்டோடு கூடிய டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைத் தொழிற்சாலையில் செய்து விற்ற பைக்கில் முதலில் கொண்டுவந்தது பிஎம்டபிள்யூ, 1935ல், ஆர்12 மாடலில். அதற்கு முன்னால் கர்டர் ஃபோர்க் என்று சட்டம் போட்ட மாதிரி ஒன்று இருந்தது. நம் நாட்டில் பால்காரர்களின் வண்டி என்று பெயர் வாங்கிய ராஜ்தூத் 175ல் இந்த டெலஸ்கோப்பிக்கே கிடையாது, முன்பக்கம் கை நீட்டிய மாதிரி ஒரு லிங்க் அமைப்புதான். அதுவும் மேடு பள்ளத்தில் பல வருஷம் பால் கேன் சுமந்தது.

ஸ்பிரிங்கின் வேலை அடியை வாங்கிக்கொள்வது. ஆனால் வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும் குணம் அதற்கு. எண்ணெய் இல்லாத ஃபோர்க் ஒரு பள்ளத்தில் இறங்கினால் மூன்று நான்கு தடவை ஆடிவிட்டுத்தான் அடங்கும். எண்ணெய் அந்த ஆட்டத்தைச் சூடாக மாற்றித் தின்றுவிடுகிறது. சின்ன ஓட்டை வழியாக எண்ணெய் போக வேண்டும், அவ்வளவுதான். ஊசி போடுகிற சிரிஞ்சில் தண்ணீரை மெதுவாகத் தள்ளினால் சுலபமாகப் போகும், வேகமாக அமுக்கினால் கட்டைவிரல் வலிக்கும் இல்லையா, அதே கதை. சாதாரண வண்டிகளின் ஃபோர்க்கில் இருக்கிற குறையும் இதுதான். பிரேக் பிடித்தால் மூக்கு சட்டென்று இறங்கும், ஏனென்றால் அங்கே அசைவு மெதுவானது. கூர்மையான மேட்டில் ஏறினால் மணிக்கட்டில் 'டங்' என்று அடிக்கும், ஏனென்றால் அங்கே அசைவு வேகம்.

'டங்' என்று அடிக்கிறது என்று மெக்கானிக்கிடம் போனால் பல இடங்களில் கிடைக்கிற வைத்தியம் என்ன தெரியுமா? "கட்டி ஆயிலா ஊத்திருவோம் தம்பி, டைட்டா இருக்கும்." ஃபோர்க் ஆயிலுக்குப் பதிலாக 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயில். கையால் அமுக்கிப் பார்த்தால் ஆஹா என்று இருக்கும். ரோட்டில் போனால் முன்னைவிட அதிகமாக அடிக்கும், கட்டி எண்ணெய் அந்தச் சின்ன ஓட்டையில் இன்னும் சிரமப்பட்டுத்தானே போகும்! அப்புறம் "இந்த வண்டி ஷாக்கே இப்படித்தான், வேற ஃபோர்க் மாத்துங்க" என்று பேச்சு திரும்பும். தங்கநிறக் குழாய் ஆசை பாதிப் பேருக்கு இங்கேதான் பிறக்கிறது.

இந்தப் பக்கத்துச் சாலைகளையும் சொல்ல வேண்டும். விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கரிசல் மண் கண்ணில் படாமல் போகாது. கரிசலுக்கு மழை பெய்தால் வீங்குவதும் வெயிலடித்தால் சுருங்கி வெடிப்பதும் பிறவிக் குணம். அதன்மேல் போட்ட ரோடும் கூடவே வீங்கிச் சுருங்கும். புதிதாகத் தார் போட்ட சாலைகூட இரண்டு மழைக்குப் பிறகு அலை அலையாகத் தெரிவதற்கு ஒப்பந்தக்காரர் மட்டும் காரணமில்லை (அவரும் ஒரு காரணம் என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை). நான்கு வழிச்சாலை விவகாரம் வேறு. அதைவிட்டு இறங்கி ஊர்ச்சாலையில் போகிறவனுக்குத்தான் ஃபோர்க்கின் அருமை தெரியும்.

அப்புறம் வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு மெல்லிய வளைவு. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் சிரமமில்லாமல் ஏறி இறங்க வேண்டும். நம் கிராமங்களில் இருப்பதோ ஒரு அடி அகலத்தில், பெயிண்ட் அடிக்காத, இருட்டில் தெரியாத ஒரு வரப்பு. ஸ்வீடனின் ஓலின்ஸ் கம்பெனி 1976லிருந்து பந்தய வண்டிகளுக்கு சஸ்பென்ஷன் செய்கிறது. அவர்களே நேரில் வந்து மாட்டிக் கொடுத்தாலும் அந்த வரப்பில் ஐம்பதில் போனால் முதுகு வலிக்கத்தான் செய்யும்.

சரி, தங்கநிறக் குழாய் விஷயத்துக்கு வருவோம்.

தலைகீழ் ஃபோர்க் நல்ல பொருள்தான். தடித்த குழாய் மேலே கிளாம்பில் பிடித்திருப்பதால் வளைந்துகொடுப்பது குறைவு. கடுமையாகப் பிரேக் பிடிக்கிறபோது வண்டி நேராக நிற்கும். 390 டியூக்கில் 43 மில்லிமீட்டர் தலைகீழ் ஃபோர்க் இருக்கிறது என்றால் அதற்கேற்ற சட்டம், அதற்கேற்ற பிரேக், அதற்கேற்ற வேகம், அதற்கேற்ற எடை எல்லாம் சேர்த்து ஒன்றாக யோசித்திருக்கிறார்கள். அதைக் கழற்றி நூறு கிலோ சொச்சம் இருக்கிற ஆர்எக்ஸில் மாட்டினால் ஸ்பிரிங் அந்த எடைக்கு அசையவே அசையாது. 'செம டைட்' என்று நண்பர்கள் அமுக்கிப் பார்த்துப் பாராட்டுவார்கள். ஃபோர்க் டைட்டாக இருப்பது ஒரு பெருமையில்லை. சக்கரம் ரோட்டை விடாமல் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அதற்கு அது அசைய வேண்டும்.

அதைவிட முக்கியம் நீளம். ஃபோர்க்கின் நீளம் ஸ்டியரிங்கின் சாய்வை மாற்றும். 1300 மில்லிமீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டியில் ஃபோர்க் 25 மில்லிமீட்டர் கூடினால் ஸ்டியரிங் சாய்வு சுமார் ஒரு டிகிரி மாறிவிடும். ஒரு டிகிரிதானே என்று தோன்றும். வளைவில் வண்டி மசமசவென்று திரும்புவதற்கு அது போதும். குறைந்தாலோ வேறு வம்பு, மேட்டில் சக்கரம் பட்டதும் ஹேண்டில்பார் இடமும் வலமும் உதற ஆரம்பிக்கும். இது கடையில் சொல்லித் தரமாட்டார்கள். கிளாம்ப் பொருந்துகிறதா, கோன் செட் பொருந்துகிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். லேத்தில் கொடுத்து ஒரு புஷ் கடைந்து போட்டால் எதுவும் பொருந்தும். சிவகாசியில் அச்சு இயந்திரங்களுக்குப் பாகம் கடைந்து கடைந்து தேர்ந்த கைகள் இருக்கின்றன, எதைக் கேட்டாலும் கடைந்து கொடுத்துவிடுவார்கள். பொருந்திவிட்டது என்பதும் சரியாக இருக்கிறது என்பதும் ஒன்றில்லை.

ஏபிஎஸ் உள்ள வண்டியானால் இன்னும் சிக்கல். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டியிலும் ஏபிஎஸ் கட்டாயம். முன் சக்கரத்தில் பல் வைத்த ஒரு வளையம், பக்கத்தில் ஒரு சென்சார். வேறு வண்டியின் ஃபோர்க்கும் சக்கரமும் போட்டால் அந்த வளையத்தின் பல் கணக்கு மாறலாம், சென்சார் இடைவெளி மாறலாம். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். 'அதுபாட்டுக்கு எரியட்டும்' என்று ஓட்டுகிறவர்கள் உண்டு. மழையில் ஒரு நாள் திடீரென்று பிரேக் பிடிக்கும்போதுதான் அந்த விளக்கு என்ன சொன்னது என்று தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கும் பதிவுச் சான்றிதழில் இருப்பதற்கும் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். கேரளத்தில் எழுந்த ஒரு வழக்கில், அங்கிருந்த உயர் நீதிமன்றம் கொஞ்சம் தாராளமாகச் சொன்னதை மாற்றி, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கறாராகவே படித்தது. அதே வருஷம் வந்த திருத்தச் சட்டத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று எழுதினார்கள். பையன்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "ஆர்சி புக்கில் ஃபோர்க் என்று ஒரு கட்டமே இல்லையே, எப்படிக் கேஸ் போடுவார்கள்?" ஃபோர்க் இல்லைதான். ஆனால் வீல்பேஸ் இருக்கிறது, வண்டியின் வெற்று எடை இருக்கிறது. நீளமான, கனமான ஃபோர்க் போட்டால் இரண்டுமே மாறும்.

இந்தச் சட்டத்தின் மேலும் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய ஃபோர்க்கில் அதே அளவில் நல்ல ஸ்பிரிங் போடுகிறவனையும், முன்பக்கத்தையே வெட்டி ஒட்டுகிறவனையும் சாதாரண வாகன உரிமையாளருக்குப் புரிகிற மாதிரி அது பிரித்துச் சொல்லவில்லை. எது அனுமதி, எது இல்லை என்று தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி ஆர்டிஓ அலுவலகச் சுவரில் ஒட்டினால் எவ்வளவோ நல்லது. எழுதாததால் ஒருத்தன் பயந்து தேய்ந்த சீலைக்கூட மாற்றாமல் ஓட்டுகிறான், இன்னொருத்தன் பயமே இல்லாமல் எல்லாவற்றையும் மாற்றுகிறான்.

இன்ஷூரன்ஸ் விஷயமும் அப்படித்தான். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு தெரியவந்தால் இழப்பீட்டில் தகராறு செய்ய கம்பெனிக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள் அந்த வண்டியில் போகிறவர் என்றால் இது சின்ன விஷயமில்லை.

இனி நல்ல பக்கம். இருக்கிற ஃபோர்க்கை வீட்டில் வைத்துப் பிரித்து, சீல், எண்ணெய், தேவைப்பட்டால் அந்த வண்டிக்கென்றே விற்கிற ஸ்பிரிங் ஆகியவற்றை மாற்றுவது முடியுமா? முடியும். அதுவும் ஒழுங்காகச் செய்தால் சாலையோரத்தில் அவசரத்தில் நடப்பதைவிட நன்றாகவே முடியும். மெக்கானிக்குகளைக் குறை சொல்வதற்கில்லை. வரிசையில் எட்டு வண்டி நிற்கும்போது ஒவ்வொரு காலிலும் எண்ணெய் மட்டத்தை ஸ்கேல் வைத்து அளக்க அவர்களுக்கு எங்கே நேரம்? வீட்டில் ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருக்கிறது.

இந்தப் பட்டாசு வட்டாரத்தில் வீட்டு வேலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. வருமானம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி வருவதில்லை. 2018 அக்டோபரில் பட்டாசுகள் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட மாதங்களில் வண்டிக்கு ஐந்நூறு செலவழிப்பதும் யோசனைதான். இரண்டு சீல், ஒரு சின்ன டின் எண்ணெய், இரண்டு காப்பர் வாஷர் எல்லாம் சேர்த்தாலும் ஆலைத் தொழிலாளியின் ஒன்றிரண்டு நாள் கூலிக்குள் முடிகிற வேலை இது. பல கம்யூட்டர் வண்டிகளில் ஒரு காலுக்குக் கால் லிட்டர் எண்ணெய்கூடப் போகாது.

வேலையை எப்படிச் செய்வது என்று முழுக்கச் சொல்ல அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல் இருக்கிறது. ஆள் விழுகிற, விரல் போகிற இடங்களை மட்டும் சொல்லலாம்.

முதலில் வண்டி நிற்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டையோ ஜாக்கியோ கொடுத்து, பின்பக்கத்தில் எடை வைத்து, முன் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி நிறுத்த வேண்டும். வேப்பமரக் கிளையில் கயிறு கட்டித் தொங்கவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், கிளை தாங்கினால் சரி. டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் காலிப்பரைக் கழற்றினால் அதை ஹோஸில் தொங்கவிடக் கூடாது, கம்பியால் கட்டி வைக்க வேண்டும். கழற்றி வைத்திருக்கும்போது பக்கத்து வீட்டுப் பொடியன் வந்து பிரேக் லீவரைப் பிடித்து விளையாடினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும், அதற்கப்புறம் அது தனி ஞாயிற்றுக்கிழமை.

அடுத்து மேல் மூடி. குழாய் இன்னும் கிளாம்பில் இருக்கும்போதே, மேல் கிளாம்பின் போல்ட்டை மட்டும் தளர்த்திவிட்டு, மூடியை ஒரு சுற்று இளக்கிக்கொள்ள வேண்டும். வெளியே எடுத்த பிறகு இளக்கப் பார்த்தால் குழாயைப் பிடிக்க ஆளில்லாமல் வைஸில் நசுக்குவார்கள். மூடிக்குக் கீழே ஸ்பிரிங் அமுங்கி உட்கார்ந்திருக்கிறது. கடைசி மரையில் அது துள்ளும். முகத்தை நேரே வைத்துக்கொண்டு கழற்றுகிறவன் பல்லை இழப்பான். உள்ளங்கையில் பனியன் வேஸ்ட் வைத்து அமுக்கிக்கொண்டே மெதுவாகச் சுற்ற வேண்டும்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. மருந்து அறைக்குள் இரும்புச் சாமான் கொண்டுபோகக் கூடாது, நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் ஏறிய மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும், அறைக்கு இத்தனை பேர்தான் என்றெல்லாம் தெரிந்த ஊர் இது. உராய்வு என்றால் என்ன, அழுத்தம் என்றால் என்ன என்று பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் இங்கே தெரியும். அந்த ஒழுங்கில் பாதியை வண்டி வேலையில் காட்டினால் போதும். இன்னொன்றும் உண்டு. துருப்பிடித்த போல்ட் வரவில்லை என்று கையில் கிரைண்டர் எடுத்தால் பொறி பறக்கும். கருந்திரி, மருந்து சம்பந்தப்பட்ட எதுவும் அந்த வீட்டில் மட்டுமல்ல, பக்கத்து வீட்டில் இருந்தாலும் கிரைண்டரைத் தொடவே கூடாது. வீடுகளில் சட்டவிரோதமாகத் திரி சுற்றுவது பற்றிய செய்திகள் இந்த மாவட்டத்தில் அடிக்கடி வருகிறவை என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குழாய் வெளியே வந்ததும் எண்ணெயை வடித்துவிட்டு, பழைய சீலை நெம்பி எடுக்கிற இடத்தில் பொறுமை வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை நேரே குத்தினால் அலுமினிய வெளிக்குழாயில் கீறல் விழும், புது சீலும் அந்தக் கீறல் வழியாக ஒழுகும். பிறகு உள்குழாயை ஒரு தட்டையான பரப்பில் உருட்டிப் பார்க்க வேண்டும். தடித்த கண்ணாடி போதும். பழைய அச்சகங்களில் ஃபாரம் பூட்டுகிற கல் எங்காவது கிடந்தால் அதைவிட நல்ல பரப்பு கிடையாது. உருளும்போது அடியில் வெளிச்சம் வந்து வந்து மறைந்தால் குழாய் வளைந்திருக்கிறது. லேசான வளைவை பிரஸ்ஸில் கொடுத்து 'பெண்ட்' எடுத்துத் தருவார்கள். மடிப்பு விழுந்த குழாயையும் நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பணத்தை மிச்சப்படுத்தாமல் புதுசு வாங்குவதே மேல். ஒரு தடவை மடிந்த இரும்பு இன்னொரு தடவை எங்கே மடியும் என்று அதற்கே தெரியும்.

க்ரோமில் துரு குத்தியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் தட்டினால் சீலின் உதட்டையும் அது கிழிக்கும். பலர் வருஷத்துக்கு இரண்டு தடவை சீல் மாற்றிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் சீல் அல்ல, இந்தத் துருப்புள்ளிதான். போலி சீலும் ஒரு காரணம், கடையில் எதை எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று பார்த்து வாங்க வேண்டும்.

புது சீலை ஏற்றும்போது குழாயின் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, எண்ணெய் தடவி இறக்கினால் உதடு கிழியாது. அடித்து உட்காரவைக்க தனிக் கருவி விற்கிறார்கள். சரியான விட்டத்தில் ஒரு பிவிசி பைப் துண்டு அதே வேலையைச் செய்யும்.

இனிதான் உண்மையான வேலை, எண்ணெய் அளவு. "ரெண்டு காலுக்கும் சமமா ஊத்தினா சரி" என்பது பாதி உண்மை. மேனுவல் சொல்கிற தரத்தில், சொல்கிற அளவில் ஊற்றி, குழாயைப் பல தடவை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றி, மேனுவலில் எண்ணெய் மட்டம் கொடுத்திருந்தால் ஸ்பிரிங் இல்லாமல் முழுக்க அமுக்கிய நிலையில் மேல்விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் கீழே இருக்கிறது என்று அளக்க வேண்டும். எண்ணெய்க்கு மேலே இருக்கிற காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். எண்ணெயைக் கூட்டினால் காற்று இடம் குறையும், கடைசிப் பகுதி அசைவு கல்லாகும், சீல் தாங்காமல் துப்பிவிடும். 'கொஞ்சம் கூடவே இருக்கட்டும்' என்கிற சாம்பார் கணக்கு இங்கே உதவாது.

ஸ்பிரிங்குக்கு மேலே வாஷர் அடுக்குகிற பழக்கமும் அப்படித்தான். வாஷர் வைத்தால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது, வண்டி நிற்கிற உயரம்தான் மாறும். ஓட்டுகிறவர் ஏறி உட்கார்ந்தால் மொத்த அசைவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை ஃபோர்க் இறங்க வேண்டும். அதைவிட நிறைய இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது ஆள் கனம். அப்போதுதான் வேறு ஸ்பிரிங் என்ற பேச்சே. வெளிக்கம்பெனி ஸ்பிரிங் வாங்கினாலும் ஓட்டுகிறவரின் எடைக்கு எது என்று கேட்டு வாங்க வேண்டும். எடையே கேட்காமல் 'எல்லாருக்கும் இதுதான்' என்று விற்கிற கடையில் வாங்காமலிருப்பது நல்லது.

திரும்ப மாட்டும்போது ஒரு நுணுக்கத்தைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஆக்சில் நட்டை முதலில் முறுக்கி, வண்டியைக் கீழே இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை நாலைந்து தடவை அமுக்கி விட வேண்டும். இரண்டு கால்களும் தங்களுக்குள் நேராகிக்கொள்ளும். அதன் பிறகுதான் அடியில் இருக்கிற கிளாம்ப் போல்ட். வரிசை மாறினால் கால்கள் இழுத்துக்கொண்டு நிற்கும், புது எண்ணெய் போட்டும் ஃபோர்க் ஒட்டிக்கொண்டே அசையும். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் ஒரு நாளைக்கு மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கலாம், அல்லது மாட்டிய வண்டியை மெதுவாக அங்கே கொண்டுபோய் முறுக்கச் சொல்லலாம். இதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

தெருவில் இறங்குவதற்கு முன்னால் பிரேக் லீவரைப் பலமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும். காலிப்பர் கழற்றி மாட்டிய பிறகு முதல் இரண்டு மூன்று அமுக்கலில் பிரேக் இருக்காது. இது தெரியாமல் உற்சாகமாக வண்டியை எடுத்து எதிர்ச்சுவரில் போய் முட்டுவது ரொம்பச் சுலபம். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி எந்த கேபிளும் இழுக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டர் கேபிள் இழுத்தால் திருப்பத்தில் வண்டி தானாகவே வேகமெடுக்கும்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு 'இது நம்மால் ஆகாது' என்று தோன்றினால் அதுவும் சரியான முடிவுதான். அப்படிப்பட்டவர்கள் எண்ணெயையும் சீலையும் தாங்களே பார்த்து வாங்கி, மேனுவலில் உள்ள அளவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுத்து, "அண்ணே, இந்த அளவுதான் ஊத்தணும், நான் நின்னு பார்த்துக்கறேன்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு சிலர் சிரிப்பார்கள்.

உள்குழாயில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டையை இறுக்காமல் கட்டி, வெளிக்குழாயோடு ஒட்டி நகர்த்தி வைத்துவிட்டு, சிவகாசியிலிருந்து சாத்தூர் வரை ஒரு தடவை போய்வந்தால் ஃபோர்க் எவ்வளவு தூரம் அசைந்தது என்று அந்த டை நிற்கிற இடம் காட்டிவிடும். உச்சி வரை போய் முட்டி நின்றிருந்தால் எண்ணெய் அளவையோ ஸ்பிரிங்கையோ மறுபடி பார்க்க வேண்டும். பாதிகூடப் போகவில்லை என்றால், அத்தனை பள்ளத்துக்கும் பாதிதான் வேலை செய்திருக்கிறது, மீதியை ஓட்டியவரின் தோள்பட்டை வாங்கியிருக்கிறது. வடித்தெடுத்த கறுப்பு எண்ணெயை வாசல் ஓடையில் ஊற்றிவிடாமல் ஒரு பாட்டிலில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கிற மெக்கானிக் கடை டிரம்மில் சேர்த்துவிடலாம். ஓடையில் ஊற்றினால் அது மழைக்கு அர்ச்சுனா நதிக்குத்தான் போகும். அந்த ஆற்றில் தண்ணீர் வருவதே வருஷத்தில் சில நாள்.